மஞ்சள் பெயின்ட்டும் மஞ்சள்தூளும்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் சமையலறையில் இருந்த மஞ்சள்தூளை அமெரிக்க அரசாங்கம் எடுத்துக்கொண்டு போனது.

டப்பாவோடு தூக்கிப் போயிருந்தால்கூட மன்னித்திருப்பேன். கையுறை போட்ட ஒரு பெண் ஒரே ஒரு ஸ்பூன் எடுத்தாள். அதைச் சின்னப் பையில் போட்டு ஒட்டி, மேலே ஒரு எண் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினாள். அடுத்தது சாம்பார்ப்பொடி. அடுத்தது சாமி அலமாரியில் இருந்த குங்குமம். அப்புறம், "கண்ணுக்குப் போடும் கறுப்பு ஏதாவது உண்டா?" என்று கேட்டு, என் பேத்திக்கு இரண்டே முறை வைத்த மை டப்பாவையும் வாங்கிக்கொண்டாள். அந்த மஞ்சளும் சாம்பார்ப்பொடியும் ஆவடி பக்கம் கோவில்பதாகையில் என் தம்பி மனைவி மல்லிகா வெயிலில் காயவைத்து, மில்லில் பக்கத்திலேயே நின்று அரைத்து, மூன்று கவர் போட்டுக் கட்டி அனுப்பியவை. விமான நிலையத்து நாயே மோந்து பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிப் போன பொடி அது.

வந்தவள் கவுண்டி சுகாதாரத் துறையின் நர்ஸ். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. நாங்கள் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, அதில் காரீயம் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். என் பேத்தி மீராவின் ரத்தத்தில் இருக்கக் கூடாத அளவு இருந்தது. காரீயம் ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாது. குழந்தை சிரிக்கும், சாப்பிடும், தவழும். உள்ளே மூளை வளர்வதை அது கெடுத்துக்கொண்டிருக்கும். என் மகள் கயல் இதைப் போனில் சொன்னபோது பாதிக்கு மேல் அழுகைதான் காதில் விழுந்தது.

மீரா திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டிலிருந்து மாலை ஐந்தரை வரை என்னிடம்தான் இருக்கிறாள். கயலின் வீடு பத்து நிமிட தூரம்; அதை நர்ஸ் முதல் நாளே பார்த்துவிட்டாள். புது வீடு, புது பெயின்ட், ஒன்றும் இல்லை. ஆகவே விசாரணை எங்கள் வீட்டுக்கு வந்தது.

நர்ஸுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வாசலிலேயே செருப்புக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு கேள்வியையும் "உங்கள் கலாசாரத்தில்" என்று ஆரம்பித்தாள். உங்கள் கலாசாரத்தில் மண் பாத்திரத்தில் சமைப்பீர்களா, குழந்தைக்கு நாட்டு மருந்து தருவீர்களா, இடுப்பில் தாயத்து கட்டுவீர்களா. இந்த நாட்டில் இருபது வருடத்துக்கு மேல் வரி கட்டியாயிற்று. இன்னும் என் கலாசாரத்தை ஸ்பூனில் அள்ளித்தான் பார்க்கிறார்கள். என் வீட்டுக்காரர் எல்லாக் கேள்விக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். குடியுரிமைத் தேர்வு எழுதின நாளிலிருந்து, யார் கோப்போடு வந்தாலும் அவருக்குத் தலை தானாக ஆடும்.

கடைசியாக, வீட்டில் யாராவது பழைய பெயின்ட்டைச் சுரண்டினார்களா என்று கேட்டாள்.

"நான்தான் சுரண்டினேன். டிராக்டர் கியர் பாக்ஸ். உங்கள் அரசாங்கத்துப் புத்தகத்தில் போட்டிருப்பதைவிட ஒழுங்காகச் செய்தேன்," என்றேன்.

என் நெற்றிப் பொட்டையும் என் கைகளையும் மாறிமாறிப் பார்த்தாள். அடுத்த முறை வரும்போது அதையும் காட்டுங்கள் என்று சொல்லிக் குறித்துக்கொண்டாள். ஆனால் அவள் கண் முழுக்க மஞ்சள் டப்பா மேல்தான் இருந்தது. போகும்போதுகூட ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

2

டிராக்டர் என்றதும் திருநின்றவூர் பக்கம் நிலத்தில் உழுதுகொண்டு போகிற பெரிய வண்டியை நினைத்துவிடாதீர்கள். இது தோட்ட டிராக்டர். உட்கார்ந்தால் முட்டி மோவாயில் இடிக்கும். கோடையில் கீழே கத்தி மாட்டிப் புல் வெட்டுவார்கள். பனிக்காலத்தில் முன்னால் தகடு மாட்டி வாசல் பனியைத் தள்ளுவார்கள். இந்த ஊர் ஆண்களுக்கு அதில் உட்கார்ந்தால் போர் விமானம் ஓட்டுகிற நினைப்பு. காதுக்கு அடைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்குத் தொப்பி, பக்கத்தில் குளிர்பானம் வைக்க ஒரு வளையம். இவ்வளவு ஏற்பாட்டோடு வெட்டுவது நம் வீட்டுக் கொல்லையில் ஆடு ஒரு மணி நேரத்தில் முடிக்கிற புல்லை.

பக்கத்து வீட்டு ரிக் என்பவருடைய அப்பா வைத்திருந்த வண்டி ஒன்று கொட்டகையில் பல வருடமாகக் கிடந்தது. கியர் பாக்ஸில் எண்ணெய் ஒழுகுகிறது, உன் கணவருக்கு வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். என் கணவருக்கு ஒரு திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. எனக்கு வேண்டும் என்றேன். ரிக் சிரித்தார். பெண்கள் ஏதாவது நகைச்சுவை சொன்னால் சிரிக்க வேண்டும் என்று அவருக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள். சென்னையில் பாடி என்ற இடத்தில், பழைய லேத்துகளையும் கியர் பாக்ஸ்களையும் வாங்கிப் பிரித்துச் சரிசெய்து பெயின்ட் அடித்து விற்கிற ஒரு பட்டறையில் ஒன்பது வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். கயலுக்கு ஏழு வயதாகும்போது இங்கே வந்தோம். என் சான்றிதழை மதிப்பிட ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து, "பள்ளிப் படிப்புக்குச் சற்று மேல்" என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சற்று மேல் இருந்த படிப்பை வைத்துக்கொண்டு ஒரு பெரிய கடையில் பதினைந்து வருடம் துண்டு மடித்தேன். என்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் வந்து, துண்டின் ஓரம் எந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்று வாரம் ஒருமுறை பாடம் நடத்துவான். கேட்டுக்கொண்டு நிற்பேன்.

அதனால் அந்தக் கியர் பாக்ஸ் எங்கள் கராஜுக்குள் வந்த அன்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்லி மாளாது. வார்ப்பிரும்புக் கூடு. நல்ல கனம். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து சொல்லியும் காதில் ஏறவில்லை.

கயலுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "அம்மா, உனக்கு எதுக்கு இதெல்லாம்? ஆள் வெச்சுப் பண்ணிக்கலாமே," என்றாள். கயல் கோபத்திலும் அழுகையிலும் மட்டும்தான் தமிழ் பேசுவாள். மற்ற நேரம் ஆங்கிலம். ஆள் வைப்பாளாம். என் கை இருக்கும்போது இன்னொருத்தன் கைக்கு எதற்குக் கூலி என்று கேட்டேன். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

3

எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை மாற்ற வேண்டுமென்றால் கியர் பாக்ஸின் வெளிப்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். அழுக்கைக் கழுவினதும் கீழே மூன்று அடுக்கு பெயின்ட் தெரிந்தது. மேலே ரிக்கின் அப்பா பிரஷால் இழுத்த பச்சை. அதன் கீழே கம்பெனி அடித்த மஞ்சள். அதற்கும் கீழே செங்காவிப் பூச்சு. பழைய மஞ்சள் என்றால் காரீயம் இருக்கும் என்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும். கடையில் இதற்கென்று ஒரு குச்சி விற்கிறார்கள். தேய்த்துப் பார்த்தேன். வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்தது.

அன்றே தம்பி துரையைக் கூப்பிட்டேன். அவன் இப்போது பாடி மேம்பாலத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறான். வீடியோவில் குச்சியைக் காட்டினதும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்னாக்கா, கியர் பாக்ஸுக்கு டெஸ்ட் எடுத்துக்கினு கீற? ஜுரம் கீதா அதுக்கு?"

"விளையாடாதடா. இந்த மஞ்சள்ல காரீயம் இருக்கு. தூசி பறந்துச்சுன்னா விஷம்."

"அத்த இன்னாத்துக்குப் பறக்க உடற? கிரைண்டர்ல கம்பி கப் பிரஷ்ஷ மாட்டு. ஒரு ஓட்டு ஓட்டு. அர மணி நேரத்துல வெள்ளி மாரி வந்துடும். முடியலியா, ஊதுவிளக்கப் புட்ச்சிக் காட்டு, தோல் மாரி உரிஞ்சிக்கினு வரும்."

"கிரைண்டர் போட்டாத்தான்டா தூசி. காட்டினா புகை. ரெண்டும் நேரா நெஞ்சுக்குள்ள போகும். நீ மூஞ்சிக்கு என்ன கட்டிக்கிறே?"

"கர்சீப்பு. சாய்ங்காலம் பசங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம், ஒரு வாழப்பழம். தூசி எல்லாம் கீய எறங்கிடும். நீயும் தின்னதுதானக்கா? மறந்துட்டியா? அமெரிக்கா போயி பயந்தாங்கொள்ளி ஆயிட்ட."

மறக்கவில்லை. வெல்லமும் வாழைப்பழமும் தூசியை வயிற்றுக்குள் இறக்கிவிடும் என்று எங்கள் முதலாளியே முழுமனதாக நம்பினார். முகமூடியைவிட வெல்லம் சல்லிசு. ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே பட்டறை முழுக்கச் சுரண்டல் நடக்கும். ஒவ்வொரு மெஷினிலும் பெயர்ந்து நிற்கிற பழைய பெயின்ட்டை மட்டும் உப்புத்தாள் வைத்து உலர உலரத் தேய்ப்பார்கள். அதன் மேலேயே புதுப் பெயின்ட். அதன் மேல் சந்தனம், குங்குமம், பூமாலை. பழுது பார்த்து எண்ணெய் மாற்ற வேண்டிய மெஷினுக்குப் பெயின்ட் அடித்துப் பொட்டு வைத்து, சாமிக்கே டிமிக்கி கொடுத்தோம். பூஜை முடிந்து பொரி தின்கிற கையிலெல்லாம் மஞ்சள் பெயின்ட். நானும் அப்படித்தான் தின்றேன்.

"நான் செய்யிற மாதிரி செஞ்சு காட்றேன், பாத்துக் கத்துக்கோ," என்று துரையிடம் சொன்னேன். அவன் பட்டறைப் பையன்களைக் கூப்பிட்டு, "எங்கக்கா கியர் பாக்ஸக் குளிப்பாட்டப் போவுது, வந்து பாருங்கடா," என்றான்.

4

எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உதவும்.

கராஜ் தரையில் கனமான பிளாஸ்டிக் விரித்து, ஓரங்களை மடித்து நாடா போட்டு ஒட்டினேன். கியர் பாக்ஸின் காற்றுத் துளை, எண்ணெய்த் துளை, அச்சு வெளியே வரும் வாய் எல்லாவற்றையும் அடைத்தேன். பெயின்ட் துகள் உள்ளே போனால் பேரிங் போய்விடும். உரிக்கிற மருந்தைப் பசை மாதிரி தடவி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஊறவிட்டேன். மறுநாள் தண்ணீரைப் புகையாகத் தெளித்துத் தெளித்து, மழுங்கின பிளாஸ்டிக் சட்டத்தால் வழித்தேன். கிரைண்டர் இல்லை. உப்புத்தாள் இல்லை. நெருப்பு இல்லை. மூலைகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். வழித்ததை ஈரத்தாளில் துடைத்து, தாளை இரட்டைப் பையில் கட்டினேன். முகத்தில் இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த நல்ல முகமூடி, கையில் கையுறை, உடம்பில் பழைய ஓவர்கோட். காலை ஐந்திலிருந்து ஏழு வரை மட்டும், குழந்தை வீட்டில் இல்லாத நேரம். இரண்டு வாரம் இப்படி.

இதே வேலையைச் செய்து காட்டும் வெள்ளைக்கார வீடியோக்களையும் பார்த்தேன். ஒருவன் முகமூடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறான். இன்னொருவன் காரீயம் இருந்தால் கவனமாக இருங்கள் என்று சொல்லிக்கொண்டே கம்பிப் பிரஷை ஓட்டுகிறான். அதற்கு லட்சம் பேர் நன்றி தெரிவித்திருக்கிறார்கள்.

கழிவைக் குப்பையில் போடக் கூடாது. அதற்கென்று ஒரு சனிக்கிழமை வைத்திருக்கிறார்கள். முன்பதிவு செய்து, முகவரிக்கு அத்தாட்சியோடு போக வேண்டும். போனேன். பையில் என்ன என்று ஒருவர் கேட்டார். பெயின்ட் என்றேன். பெயின்ட் வரிசைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் டப்பா எங்கே என்றார். டப்பா இல்லை, சுரண்டின பெயின்ட் என்றேன். அது பெயின்ட் இல்லை, கழிவு என்று வேறு வரிசைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண்மணி பையைத் தொடாமல், இதன் வேதியியல் பெயர் என்ன என்றாள். சொன்னேன். என் உச்சரிப்பு அவளுக்குப் புரியவில்லை. எழுதிக் காட்டினேன். உடனே முதல் வரிசைக்குப் போகச் சொன்னாள். ஆவடி தாலுகா அலுவலகத்தில் பட்டாவுக்கு அலைந்த அனுபவம் இருந்ததால் எனக்கு மூச்சு வாங்கவில்லை; மறுபடி முதல் வரிசையில் நின்று கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். பின்னால் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் பொறுமையிழந்து பையைக் காரிலேயே திருப்பிப் போட்டுக்கொண்டு போனார்.

சீல் மாற்றி, புதுப் பெயின்ட் அடித்து, கியர் பாக்ஸைப் பூட்டினேன். ரிக் வந்து பார்த்துவிட்டு, இதை யாரிடம் கொடுத்துச் செய்தாய் என்று என் கணவரிடம் கேட்டார். அடுத்த வாரத்தில் மீராவுக்கு ரத்தம் எடுத்தார்கள்.

5

பத்து நாள் கழித்து நர்ஸ் மறுபடி வந்தாள். மஞ்சள், சாம்பார்ப்பொடி, குங்குமம், மை எல்லாம் சுத்தம், காரீயம் துளியும் இல்லை என்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மன்னிப்பாவது வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பெயின்ட் உரித்ததைக் காட்டுங்கள் என்றாள்.

கராஜுக்கு அழைத்துப் போனேன். கயல் அன்று விடுப்பு போட்டிருந்தாள். மீராவைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போகும் கதவருகே நின்றாள். என் வீட்டுக்காரர் அவளுக்குப் பின்னால். எனக்கு அன்று நல்ல தெம்பு. பட்டறைக்கு வந்த இன்ஸ்பெக்டருக்கு விளக்குகிற மாதிரி, ஓவர்கோட்டை மாட்டி, முகமூடி போட்டு, எங்கே நின்றேன், எதை விரித்தேன், எப்படித் தெளித்தேன் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். இவ்வளவு சரியாகச் செய்தவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை என்றாள். கயல் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன்.

"வேலை முடிந்ததும் என்ன செய்வீர்கள்?" என்று நர்ஸ் கேட்டாள்.

"முடிந்ததும் ஒன்றும் இல்லை. உள்ளே போய்விடுவேன்."

"அதையும் செய்து காட்டுங்கள்."

முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கையுறையைக் கழற்றிப் பையில் போட்டேன். பிறகு, ஈர இரும்பு உடனே துருப்பிடிக்கும் என்பதால் கியர் பாக்ஸைக் காற்றடித்துக் காயவைப்பேன் என்று சொல்லிக்கொண்டே, கம்ப்ரஸர் குழாயை எடுத்து, அது இருந்த இடத்தில் அடித்துக் காட்டினேன். அப்படியே குழாயை என் பக்கம் திருப்பி, நெஞ்சில் அடித்தேன். இடது கையில். வலது கையில். குனிந்து தலைமுடியில். ஓவர்கோட்டின் முன்பக்கத்தை உதறி உதறி அடித்தேன்.

நான் நிமிர்ந்தபோது நர்ஸ் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் மீராவின் தள்ளுவண்டி மடித்துச் சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் சமையலறை மிதியடி. அதற்கடுத்த தரையில்தான் குழந்தை நாள் முழுக்கத் தவழ்வாள். கயல் மீராவின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வாரமும், தினமும், இதைச் செய்திருக்கிறேன். ஒருமுறைகூட இதை வேலையில் சேர்த்து நினைத்ததில்லை. ஓவர்கோட்டில் தெறித்துக் காய்ந்த அத்தனை மஞ்சளையும் நானே மாவாக ஊதிப் பறக்கவிட்டு, அதில் நின்று மூச்சு விட்டு, உள்ளே போய் எட்டு மணிக்குக் குழந்தையைக் கைநீட்டி வாங்கியிருக்கிறேன். குளிப்பது பத்து மணிக்கு, அவள் தூங்கின பிறகு. அதுதான் ஏற்கெனவே சுத்தமாகிவிட்டேனே.

பாடியில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பட்டறையில் ஐந்தரை மணி பெல் அடித்ததும் எல்லோரும் காற்றுக் குழாய்க்கு முன் வரிசையாக நிற்பார்கள். அதற்கு ஏர் அடிப்பது என்று பெயர். முன்பக்கம் அவரவரே அடித்துக்கொள்ள வேண்டும், முதுகுக்கு அடுத்த ஆள் அடிப்பான். பட்டறையே மஞ்சளும் சாம்பலுமாகப் புகைந்து கிடக்கும். சிரிப்பும் கூத்துமாக இருக்கும். நான் தினமும் முதல் ஆளாக நிற்பேன். சூப்பர்வைசர் அம்மாவுக்கு வழிவிடுவார்கள். ஆவடி பஸ்ஸில் தூசியோடு ஏறுகிற கூலி ஆட்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரம். டிப்ளமா படித்த நான் அவர்கள் மாதிரி போய் உட்காரக் கூடாது என்று, முடியில் ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் அடித்துக்கொண்டுதான் பஸ் ஏறுவேன்.

நர்ஸ் ஈரத்தாளால் தள்ளுவண்டியின் கைப்பிடியையும் மிதியடியையும் தரையையும் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றையும் பையில் போட்டாள். இந்தத் தடவை படித்துப் பார்க்காமலே கையெழுத்து போட்டேன்.

6

மிதியடியில் காரீயம் இருந்தது. தள்ளுவண்டியில் இருந்தது. சமையலறைத் தரையில் இருந்தது. வீட்டை முறைப்படி கழுவி, மறுபடி துடைத்துப் பார்த்துச் சரி என்று சொல்கிறவரை குழந்தை இங்கே வரக் கூடாது என்று கடிதம் வந்தது. கயல் மீராவைக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்துவிட்டாள். அங்கே அவளிடம் தமிழ் பேச ஆள் இல்லை. "பால்" என்று தெளிவாகச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். ஒரு மாதத்தில் அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

துரையைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். முதல் தடவையாக அவன் சிரிக்கவில்லை. பட்டறையில் ஏர் அடிப்பதை இன்றோடு நிறுத்து என்றேன்.

"ஏர் அடிக்காம இன்னாக்கா பண்றது? தூசியோட ஊட்டுக்குப் போனா மல்லிகா வாசப்படியே ஏத்த மாட்டா."

"வேலைத் துணிய பட்டறையிலேயே கழட்டுங்கடா. குளிச்சிட்டுப் போங்க."

"குளிக்கவா? கார்ப்பரேசன் தண்ணி ஒரு நாள் வுட்டு ஒரு நாள்தான் வருது." "சரிக்கா. பாக்கறேன்."

அவன் பாக்கறேன் என்றால் பார்க்க மாட்டான் என்று அர்த்தம். திட்டலாம் என்று வாயைத் திறந்தவள், போனை வைத்துவிட்டேன். இருபது வருடமாக அவனுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுத்தவள் நான். ரிக்கையும், வீடியோக்காரர்களையும், வரிசை மாற்றி அனுப்பின பெண்மணியையும், அந்த நர்ஸையும் எத்தனை வார்த்தை சொன்னேன். அவர்களில் ஒருவர்கூட என் பேத்தியின் உடம்பில் விஷத்தை ஏற்றவில்லை. இவ்வளவு வாய் உள்ள நான் ஏற்றினேன். எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

என் ரத்தத்தையும் எடுத்தார்கள். மீராவுக்கு இருந்ததைவிடப் பல மடங்கு இருந்தது. இது இரண்டு வாரத்தில் ஏறியதாகத் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னார். காரீயம் எலும்பில் போய்த் தங்கிக்கொள்ளுமாம், பல வருடம் கழித்தும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருமாம். முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். கயல்தான் என்னைக் காரில் அழைத்துப் போயிருந்தாள். நான் பதில் சொல்லும்போது அவள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

நேற்று சாயங்காலம் தனியாக வந்தாள். மீராவுக்கு இரண்டாவது பரிசோதனை அடுத்த வாரம். அதற்கு முன் நிரப்பித் தர வேண்டிய படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். குழந்தையின் தாயைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. கர்ப்பத்தில் தாயின் எலும்பிலிருந்தும் பிள்ளைக்குப் போகுமாம். அந்தப் பக்கத்தில் பேனா நின்றது. பல நாளுக்குப் பிறகு என்னிடம் தமிழில் பேசினாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"அம்மா, கோவில்பதாகை வீட்ல, நீ வேலை விட்டு வருவே இல்ல. அப்ப நான் என்ன பண்ணுவேன்?"

ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அப்போது மூன்று நான்கு வயது.

"கேட் சத்தம் கேட்டதும் ஓடி வருவே," என்றேன். "தூக்குன்னு கையத் தூக்கிட்டு நிப்பே. தூக்கினா என் கழுத்துல மூஞ்சிய வெச்சித் தேய்ப்பே. சாப்பிடுற வரைக்கும் எறங்க மாட்டே."

"குளிச்சிட்டுத் தூக்குவியா?"

"இல்ல."

"டெய்லியா?"

"தினமும்தான்."

அவள் என்னைத் திட்டவில்லை. தாயின் சிறு வயதில் வீட்டில் யாராவது காரீயம் கலந்த வேலை செய்தார்களா என்ற கேள்விக்கு, ஆம் என்ற கட்டத்தில் குறி போட்டாள். யார் என்று கேட்டிருந்த இடத்தில் 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் எழுதினாள். அந்த அலுவலகத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது என்று நினைத்திருப்பாள். அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே 'மதர்' என்று எழுதினாள்.